பலகையில் இடம்பெறாத பிள்ளைகள்: பெங்களூரு உயர்நிலைப் பள்ளிகளின் பாராட்டு முறை குறித்து

மே மாதத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் பெங்களூருவின் பள்ளிச் சுற்றுச்சுவர்களில் ஃபிளெக்ஸ் பலகைகள் ஏறிவிடுகின்றன. சீருடையில் எடுத்த சிறு படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர், 625-க்கு இத்தனை என்று ஓர் எண், எல்லாவற்றுக்கும் மேலே நிர்வாகத்தார் படம். ஜூன், ஜூலை ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபங்களில் சமுதாயச் சங்கங்களின் 'பிரதிபா புரஸ்காரம்' என்னும் பாராட்டு விழா நடக்கும். செப்டம்பர் 5-ஆம் தேதி நல்லாசிரியர் விருதுகள். டிசம்பரை ஒட்டி ஆண்டு விழா. இடைப்பட்ட நாட்களில் காலை வழிபாட்டு அறிவிப்பும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவும் பள்ளிச் செய்திமடலும் அந்த வேலையைத் தொடர்கின்றன. ஒரு பள்ளி தன்னைச் சேர்ந்தவர்களுக்கு ஆண்டு முழுவதும் சொல்லும் செய்தியில் பெரும்பகுதி யாரையோ பாராட்டுவதுதான்.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. எதற்காகப் பாராட்டப்படுகிறோம் என்பதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் எது முக்கியம் என்று கற்றுக்கொள்கிறார்கள். பாடப்புத்தகம் சொல்லும் விழுமியங்களைவிட மேடையில் யார் ஏறுகிறார் என்பது அவர்கள் மனத்தில் ஆழமாகப் பதிகிறது. ஆகவே இந்த வழக்கத்தின் நிறைகுறைகளை நிதானமாக எடை போட வேண்டியிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாராட்டு என்பது சாட்சி சொல்வது. ஒருவர் செய்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், பார்த்ததை மற்றவர் முன் சொல்வது. பெங்களூருப் பள்ளிகளின் பாராட்டு முறையில் உள்ள நல்லவை எல்லாம் இந்தச் சாட்சி இருக்குமிடத்தில் விளைந்தவை. அல்லாதவை எல்லாம் அந்த வேலையை மதிப்பெண் பட்டியலிடம் விட்டுவிட்டதால் வந்தவை.

வழக்கம் வந்த வழி

இன்றைய ஃபிளெக்ஸ் பலகையை மட்டும் வைத்து இந்த வழக்கத்தை மதிப்பிடுவது நியாயமாகாது. அதன் வேர் மரியாதைக்குரியது. ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் கண்டோன்மென்ட் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். இன்று கர்நாடக உயர்நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரரும் அவர்தான். ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி அறக்கட்டளையாக அந்தப் பள்ளி பின்னால் வளர்ந்தது. படிக்க வசதியில்லாத பிள்ளையைத் தேடிப் பிடித்து, 'இவன் படிப்பான்' என்று ஊரறியச் சொல்லிச் செலவை ஏற்றுக்கொள்வதே அந்தக் காலத்துப் பாராட்டின் வடிவம்.

ஒக்கலிகர் சங்கம் பெங்களூருவில் 1906-இல் தொடங்கியது. இப்படிப்பட்ட சங்கங்கள் நடத்திய விடுதிகளில் தங்கித்தான் பழைய மைசூர்ச் சீமையின் கிராமத்துப் பிள்ளைகள் பலர் நகரத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு வந்தார்கள். அரசுப் பணிகளில் பின்தங்கிய வகுப்பாருக்கு இடமில்லை என்ற குரல் வலுத்து, 1918-இல் மில்லர் குழு அமைந்த காலம் அது. அந்தச் சூழலில் ஒரு பிள்ளை மெட்ரிகுலேஷன் தேறியது வீட்டுச் செய்தியாக மட்டும் இருக்க முடியாது. சமுதாயம் முழுவதும் அறிய வேண்டிய செய்தி அது. இன்றைய பிரதிபா புரஸ்கார மேடைக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

மிஷனரிப் பள்ளிகள் வேறொரு மரபைக் கொண்டுவந்தன. 1865-இல் நிறுவப்பட்ட பிஷப் காட்டன் பள்ளிக்கு, திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு.போப் 1871 முதல் 1882 வரை தலைமை வகித்தார். அவர் பெயரில் அங்கே ஓர் 'ஹவுஸ்' இன்றும் உண்டு. பிள்ளைகளை ஹவுஸ்களாகப் பிரித்துப் புள்ளிகளை ஒன்றாகச் சேர்க்கும் இந்த ஏற்பாடு இன்று பெங்களூருவின் ஏறக்குறைய எல்லாத் தனியார் பள்ளிகளிலும் பரவியிருக்கிறது. முதலிடம் வராத பிள்ளையும் தன் ஹவுஸுக்கு இரண்டு புள்ளி வாங்கித் தரலாம். ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்தவளும், பேச்சுப்போட்டியில் ஆறுதல் பரிசு பெற்றவனும் கணக்கில் வருகிறார்கள். தனிப்பெருமையைக் கூட்டுப்பெருமையாக மாற்றும் இந்த யோசனை நாம் இன்று மறந்துவரும் ஒரு நல்ல பாடம்.

நன்மைகள்

இந்த வழக்கம் செய்யும் நல்லதை முழுதாகச் சொல்லாமல் குறைக்குப் போவது சரியல்ல.

முதலாவதாக, பெயர் தெரியாத வீடுகளுக்கு அது பெயர் தருகிறது. 2024-இல் 625-க்கு 625 வாங்கிய ஒரே மாணவி பாகல்கோட்டை மாவட்டத்து மொரார்ஜி தேசாய் உறைவிடப் பள்ளியில் படித்த விவசாயி மகள். அரசு உறைவிடப் பள்ளி என்றாலே முகம் சுளிக்கும் நகரத்துப் பெற்றோருக்கு அந்த ஒரு செய்தி பல ஆண்டுப் பிரச்சாரம் சொல்ல முடியாததைச் சொன்னது. அதே போல் ஸ்ரீராமபுரத்திலோ மர்பி டவுனிலோ ஓர் அரசுப் பள்ளி மாணவியின் படம் தெருமுனையில் இருந்தால், அந்தத் தெருவில் எட்டாம் வகுப்போடு பெண்ணை நிறுத்தலாமா என்று யோசிக்கும் ஒரு வீட்டில் பேச்சின் போக்கே மாறக்கூடும். முன்மாதிரி என்பது தூரத்து மேதையாக இல்லாமல் அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருக்கும்போதுதான் நம்பிக்கை பிறக்கிறது.

இரண்டாவதாக, பாராட்டோடு பணமும் வரும்போது அது படிப்பைக் காக்கிறது. தேசிய வருவாய்வழி மற்றும் தகுதி உதவித்தொகைத் திட்டம், அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறது. சமுதாயச் சங்கங்கள் தரும் ஐந்தாயிரமும் பத்தாயிரமும் பி.யு.சி. சேர்க்கைக் கட்டணத்தின் ஒரு பகுதியை அடைக்கின்றன. சால்வையோடு நின்றுவிடும் பாராட்டைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாவதாக, சிறுபான்மை மொழிகளுக்கு இது ஒரு பிடிமானம். கர்நாடகத்தில் 2015-ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டத்துக்குப் பிறகு எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் கட்டாயப் பாடம். கன்னடமும் ஆங்கிலமும் படித்து, மூன்றாவதாகத் தமிழையும் விடாமல் படிக்கும் அல்சூர்ப் பிள்ளைக்கு மதிப்பெண் நோக்கில் பெரிய லாபம் ஒன்றுமில்லை. தமிழ் அமைப்புகள் தமிழ்ப் பாடத்தில் நன்றாக எழுதியவர்களை மேடையேற்றும்போது, 'நீ செய்தது வீண் வேலை இல்லை' என்று சொல்ல அங்கே ஆள் இருக்கிறது. மொழியை உயிரோடு வைத்திருக்கும் உழைப்பை வேறு எந்தப் பலகையும் கண்டுகொள்வதில்லை.

நான்காவதாக, நல்ல செய்தி ஒரு பள்ளியைச் சமூகமாகக் கட்டுகிறது. கட்டணத் தகராறு, பேருந்து தாமதம், தேர்வு அட்டவணை என்ற மூன்றைத் தவிர வேறெதற்கும் பெற்றோரும் பள்ளியும் பேசிக்கொள்ளாத நகரம் இது. அங்கே ஒரு பிள்ளை மாவட்டக் கபடி அணியில் இடம்பெற்ற செய்தி அறிமுகமில்லாத பெற்றோர் இருவரைப் பேச வைக்கிறது. இந்த நன்மையை எண்ணில் காட்ட முடியாது. ஆனால் அது இல்லாத பள்ளிக்குள் நுழைந்தால் உடனே தெரியும்.

எண் தாங்காத பாரம்

குறை எங்கே தொடங்குகிறது என்றால், பாராட்டின் முழுப் பாரத்தையும் ஒரே எண்ணின் தலையில் ஏற்றுவதில். அந்த எண் இந்தப் பாரத்தைத் தாங்காது என்பதற்குச் சாட்சி கர்நாடகத் தேர்வு முடிவுகளே.

625-க்கு 625 வாங்கியவர்கள் 2021-இல் 157 பேர். 2022-இல் 145 பேர். 2023-இல் 4 பேர். 2024-இல் ஒருவர். 2025-இல் 22 பேர். நான்கே ஆண்டுகளில் ஒரு மாநிலத்துப் பிள்ளைகளின் அறிவு இப்படி ஏறி இறங்காது. மாறியது தேர்வு. 2021-இல் கொரோனா காரணமாக இரண்டே நாளில், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறையில் தேர்வு நடந்தது. 2024-இல் தேர்வு அறைகளில் கேமரா வைத்து நேரலையில் கண்காணித்தார்கள். அந்த ஆண்டு தேர்ச்சி விகிதம் முந்தைய ஆண்டின் 83.89-லிருந்து 73.40 விழுக்காடாக இறங்கியது. அந்த 73.40-ம் கருணை மதிப்பெண்ணை 10-லிருந்து 20 விழுக்காடாக உயர்த்திய பிறகு கிடைத்தது. அது இல்லையென்றால் தேர்ச்சி ஐம்பது விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருக்கும். அதே தேர்வில் உடுப்பி மாவட்டம் 94 விழுக்காடு, யாத்கிர் 50.59 விழுக்காடு.

இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மதிப்பெண்ணில் பிள்ளையின் உழைப்பு இருக்கிறது. கூடவே தேர்வு வாரியத்தின் முடிவு, மாவட்டத்தின் ஆசிரியர் பற்றாக்குறை, வீட்டின் வருமானம், டியூஷன் வசதி எல்லாம் இருக்கின்றன. பலகை இவற்றில் எதையும் பிரித்துச் சொல்வதில்லை. 620 வாங்கிய கோரமங்கலா மாணவியும், காலையில் பேப்பர் போட்டுவிட்டு வந்து 410 வாங்கிய விவேக்நகர் மாணவனும் ஒரே உழைப்பை உழைத்திருக்கலாம். அவன் கூடுதலாகவே உழைத்திருக்கலாம். அருகிலிருந்து பார்த்த ஆசிரியருக்கு அது தெரியும். ஆனால் பலகை எழுதும்போது யாரும் அவரைக் கேட்பதில்லை.

இன்னொரு முரண் சமீபத்தில் சேர்ந்திருக்கிறது. 2023-24 கல்வியாண்டில் கர்நாடகம் துணைத் தேர்வு என்ற பெயரையே எடுத்துவிட்டு, தேர்வு 1, 2, 3 என்று மூன்று வாய்ப்புகளைக் கொண்டுவந்தது. மூன்றில் எதில் தேறினாலும் சான்றிதழில் வேறுபாடு இருக்கக் கூடாது, தோல்வி முத்திரை யார்மீதும் விழக் கூடாது என்பதே நோக்கம். தேர்வு முறை மாறிவிட்டது. பாராட்டு முறை மாறவில்லை. பலகை முதல் தேர்வு முடிவோடு ஏறி, ஒரு மாதத்தில் இறங்கிவிடுகிறது. இரண்டு முறை கணிதத்தில் விழுந்து, மனம் தளராமல் மூன்றாம் தேர்வில் தேறிய பிள்ளையின் பெயர் எங்கும் வருவதில்லை. விடாமுயற்சி என்று நாம் காலை வழிபாட்டில் எதைப் போதிக்கிறோமோ அதை நடத்திக் காட்டியவன் அவன்தான். 2025 மே மாதம் பாகல்கோட்டையில் ஆறு பாடங்களிலும் தேறாத மகனுக்குப் பெற்றோர் கேக் வெட்டித் தைரியம் சொன்ன செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டதற்குக் காரணமும் இதுதான். பள்ளிகள் சொல்ல மறந்த ஒரு வார்த்தையை ஒரு குடும்பம் சொல்லியது.

விளம்பரமாகும் பிள்ளைமுகம்

சுற்றுச்சுவர்ப் பலகை யாரை நோக்கி நிற்கிறது என்று பார்த்தால் அதன் நோக்கம் புரியும். அது பள்ளிக்குள் பார்க்கவில்லை, சாலையைப் பார்க்கிறது. அதைப் படிக்க வேண்டியவர்கள் அடுத்த ஆண்டு சேர்க்கைக்கு அலையும் பெற்றோர். பிள்ளையின் வெற்றி அங்கே பள்ளியின் விற்பனைப் பேச்சாகிறது. தனியார் பள்ளிக்குச் சேர்க்கை வேண்டும், சம்பளம் போட வேண்டும் என்ற நெருக்கடி உண்மையானது; அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த நெருக்கடியைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் முகத்தை வைத்துச் சமாளிப்பது சரியா என்பது தனிக் கேள்வி.

சட்டம் இந்தப் பக்கம் நகரத் தொடங்கியிருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களுக்கான விளம்பர நெறிமுறைகளை வெளியிட்டது. தேர்ச்சி பெற்ற பிறகு மாணவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் அவர் பெயரையோ படத்தையோ பயன்படுத்தக் கூடாது. அவர் எந்தப் பயிற்சியில் சேர்ந்தார், அதற்குக் கட்டணம் செலுத்தினாரா என்பதையும் சொல்ல வேண்டும் என்கிறது அது. நீட், ஜே.இ.இ. மையங்களுக்கு உள்ள இந்தக் கட்டுப்பாட்டின் நியாயம் பள்ளிகளுக்கும் அப்படியே பொருந்தும். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சேர்க்கை விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வாங்கிய ஒரு கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்லிக்கொண்டிருக்கும் காலம் நீடிக்காது. ஃபிளெக்ஸ் பலகைகளைப் பொறுத்தவரை, 2018 ஆகஸ்டிலேயே உயர்நீதிமன்றம் கடுமை காட்டிய பிறகு மாநகராட்சி சட்டவிரோதப் பலகைகளை ஆயிரக்கணக்கில் அகற்றியது. சட்டத்தை மதிக்கக் கற்றுத்தர வேண்டிய பள்ளியே நடைபாதைக் கம்பத்தில் அனுமதியின்றிப் பலகை கட்டுவது பிள்ளைகள் கண்முன் நடக்கிறது.

இதைவிடக் கடுமையான விளைவு பள்ளிக்குள் நடக்கிறது. 'நூறு விழுக்காடு தேர்ச்சி' என்ற வரியைப் பலகையில் போட வேண்டுமானால், விழக்கூடிய பிள்ளை பத்தாம் வகுப்பு வருகைப்பதிவேட்டில் இருக்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்பு முடிவில் பெற்றோரை அழைத்து, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் அல்லது தனித்தேர்வராக எழுதட்டும் என்று சொல்லும் பழக்கம் இந்த நகரத்தில் பலருக்கும் தெரிந்தது. அப்படி வெளியேறும் பிள்ளையை அரசுப் பள்ளி ஏற்றுக்கொள்கிறது; ஓராண்டில் அவனைக் கரையேற்றப் பாடுபடுகிறது; முடியாமல் போனால் அந்தத் தோல்வியும் அரசுப் பள்ளியின் கணக்கில் ஏறுகிறது. ஒரு பள்ளியின் பெருமையும் இன்னொரு பள்ளியின் இழுக்கும் ஒரே பிள்ளையிலிருந்து பிறக்கின்றன. பாராட்டு முறையின் மிகப் பெரிய குற்றம் என்று நான் கருதுவது இதைத்தான்.

சமுதாயச் சங்கங்களின் மேடைக்கும் ஓர் எல்லை உண்டு. 90 விழுக்காட்டுக்கு மேல் என்று தகுதி வைக்கும்போது, ஏற்கெனவே வசதியாக இருக்கும் வீட்டுப் பிள்ளைகளே அதிகம் மேடையேறுகிறார்கள். விடுதி கட்டிய முன்னோர் தேடிய பிள்ளை கீழே பார்வையாளராக இருக்கிறது. சங்கம் இல்லாத, சங்கம் வைத்தாலும் பணம் திரட்ட முடியாத சமுதாயங்களின் பிள்ளைகளுக்கு அந்த மேடையும் இல்லை.

ஆசிரியரும் மற்றவரும்

ஆசிரியர் தினத்துக்குக் கர்நாடகத்தோடு நேரடி உறவு உண்டு. டாக்டர் ராதாகிருஷ்ணன் 1918 முதல் 1921 வரை மைசூரில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1962 முதல் அவர் பிறந்தநாள் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. தேசிய நல்லாசிரியர் விருது அதற்கும் முன்பே, 1958-இல் தொடங்கியது.

2018-இல் அந்த விருதின் முறை மாற்றப்பட்டது. மாநிலங்கள் நீளப் பட்டியல் அனுப்பும் வழக்கம் போய், ஆசிரியர்கள் தாங்களே இணையத்தில் விண்ணப்பிக்கும் முறை வந்தது. விருதுகளின் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது. சிபாரிசின் பிடியை அது தளர்த்தியது என்பது பெரிய நன்மை. ஆனால் தன் வேலையைத் தானே படம் எடுத்து, கோப்பு தயாரித்து, தன்னைப் பற்றித் தானே எழுதத் தெரிந்தவருக்கு அதில் முந்துரிமை கிடைத்துவிடுகிறது. இருபது ஆண்டாக ஒன்பதாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தெரியாமல் வரும் பிள்ளைகளை மதியச் சாப்பாட்டுக்குப் பின் உட்கார வைத்து வாசிக்கக் கற்றுத் தரும் ஆசிரியைக்குத் தன்னைப் பற்றி எழுதக் கை வராது. அவருக்காகச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் சக ஆசிரியர்களும் பழைய மாணவர்களும். அந்த முறையில் அவர்களுக்கு முதல் குரல் இல்லை. ஒப்பந்த ஆசிரியர்கள் தேசிய விருதுக்குத் தகுதியே இல்லாதவர்கள். கர்நாடக அரசுப் பள்ளிகளோ காலிப் பணியிடங்களை 'அதிதி' ஆசிரியர்களை வைத்துத்தான் ஆண்டுதோறும் ஓட்டுகின்றன. விருந்தாளி என்று பெயர் வைத்து வீட்டுப் பாரத்தைச் சுமக்க விட்டிருக்கிறோம்.

ஆசிரியர் செய்யும் பல வேலைகள் எந்த விருது விண்ணப்பத்திலும் ஏறாதவை. 2025 செப்டம்பர் 22-இல் தொடங்கிய கர்நாடகத்தின் சமூக, கல்விக் கணக்கெடுப்பில் வீடுவீடாகப் போனவர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள். அதற்காகத் தசரா விடுமுறையே அக்டோபர் 18 வரை நீட்டிக்கப்பட்டது. விட்டுப்போன பாடங்களைப் பின்னால் ஈடுகட்டியவர்களும் அவர்களே.

ஆசிரியராவது செப்டம்பரில் ஒரு நாள் மேடையேறுகிறார். 'பிசியூட்டம்' என்னும் மதிய உணவைச் சமைக்கும் பெண்கள், ஆயா, காவலாளி, ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவர், அலுவலக எழுத்தர் ஆகியோருக்கு அதுவும் இல்லை. ஆண்டறிக்கையில் அவர்கள் பெயர் இருக்காது. குழுப்படத்தில் ஓரத்தில் நிற்பார்கள். பசியோடு வந்த பிள்ளை யார், சில நாளாகத் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண் யார் என்பது முதலில் தெரிவது பெரும்பாலும் அவர்களுக்கே. பிள்ளைகளைக் கண்ணால் பார்க்கும் வேலையைச் செய்பவர்களை நாம் பார்ப்பதில்லை.

இந்த இடத்தில் பெங்களூருவின் பிள்ளையான கிரிக்கெட் வீரர் ராகுல் திராவிட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. செயின்ட் ஜோசப் ஆண்கள் பள்ளியில் படித்தவர். 2018-இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது, பயிற்சியாளரான அவருக்கு 50 லட்சமும் துணைப் பணியாளர்களுக்குத் தலா 20 லட்சமும் கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. எல்லோருக்கும் சமமாகத் தர வேண்டும் என்று அவர் கேட்டார். முடிவில் அவருக்கும் மற்றவர்களுக்கும் தலா 25 லட்சம் என்று ஆனது. அதற்கு முந்தைய ஆண்டு பெங்களூருப் பல்கலைக்கழகம் தர முன்வந்த கௌரவ டாக்டர் பட்டத்தையும், ஆராய்ச்சி செய்து பெற விரும்புகிறேன் என்று சொல்லி மறுத்தவர் அவர். தன் பங்குக்கு மேலான புகழை மறுக்கவும், அருகில் உழைத்தவருக்கு அதைக் கேட்டு வாங்கவும் தெரிந்திருப்பதுகூடக் கல்விதான். நம் பள்ளி மேடைகள் இதைக் கற்றுத் தருகின்றனவா?

ஆய்வுகள் சொல்வது

பாராட்டு எப்போதும் ஊக்கம் தரும் என்று நாம் நம்புகிறோம். ஆய்வுகள் அவ்வளவு எளிதாக அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரைய ஆசைப்படும் சிறு குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சான்றிதழ் வாங்கிய பிறகு அந்தக் குழந்தைகள் தாமாக வரைவது குறைந்தது. 1998-இல் முல்லரும் டுவெக்கும் செய்த ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் கடினமான கணக்கைத் தவிர்த்தார்கள். 'நன்றாக உழைத்தாய்' என்று பாராட்டப்பட்டவர்கள் அதை எடுத்துப் போட்டார்கள். கலிபோர்னியாவில் 15,000-க்கும் அதிகமான மாணவர்களை வைத்துக் கார்லி ராபின்சனும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு இன்னும் நேரடியானது. ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவர்களுக்குத் திடீரென விருது கொடுத்தபோது, அவர்கள் வருகை பின்னர் குறைந்தது.

அயல்நாட்டு ஆய்வை அப்படியே நம் வகுப்பறைக்குப் பொருத்த முடியாது என்பது உண்மை. இங்கே சால்வையும் மேடையும் குடும்பத்துக்கும் சேர்த்துத் தரும் மரியாதை; அதன் எடை வேறு. ஆனாலும் மூன்றும் ஒரே எச்சரிக்கையைத் தருகின்றன. பாராட்டு எதைப் பற்றிப் பேசுகிறது என்பதில்தான் அதன் பலன் இருக்கிறது. செய்த வேலையைப் பற்றிப் பேசினால் அடுத்த வேலைக்குத் தூண்டுகிறது. ஆளின் தகுதியைப் பற்றி மட்டும் பேசினால் அந்தத் தகுதியை இழந்துவிடுவோமோ என்ற பயத்தைத் தருகிறது. பலகையில் உள்ள 618 என்ற எண் வேலையைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை.

ஒழித்தால் தீருமா?

ரேங்க் முறையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. தமிழ்நாடு 2017-இல் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. சி.பி.எஸ்.இ. 2023-இல், ஆரோக்கியமற்ற போட்டியைத் தவிர்ப்பதற்காகத் தகுதிப் பட்டியலோ முதல், இரண்டாம் வகுப்புப் பிரிவுகளோ வெளியிட மாட்டோம் என்றது. ஐ.சி.எஸ்.இ. வாரியம் 2024-இல் அதையே செய்தது. இவை துணிவான, நல்ல முடிவுகள். மாநிலம் முழுவதும் ஒரு பிள்ளையைத் தேடிக் கேமராக்கள் ஓடும் காட்சி குறைந்தது.

ஆனால் வாரியம் விட்ட இடத்தைப் பள்ளிகள் பிடித்துக்கொண்டன. மாநில முதலிடம் போய், பள்ளி முதலிடம், பாட வாரியாக நூற்றுக்கு நூறு, 95-க்கு மேல் இத்தனை பேர் என்று வரிகள் பெருகின. பட்டியலை எடுத்துவிட்ட வாரியம் அதன் இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. பாராட்ட வேண்டும், பாராட்டப்பட வேண்டும் என்ற மனித ஆசை அறிக்கை ஒன்றால் மறையாது. ஆகவே வேண்டியது பாராட்டின் ஒழிப்பல்ல, அதன் சீர்திருத்தம்.

செய்யக்கூடியவை

பெரும் செலவில்லாமல் எந்தப் பள்ளியும் இந்த ஜூனிலிருந்தே தொடங்கக்கூடியவை சில உண்டு.

பாராட்டு அறிவிப்பில் எண்ணுக்குப் பதில் ஒரு வாக்கியம் இருக்கட்டும். 'அறிவியலில் 98' என்பதைவிட, 'ஏரித் தண்ணீரை நான்கு மாதம் தொடர்ந்து சோதித்துக் குறிப்பு எழுதினாள்' என்பது கூடுதலாகச் சொல்கிறது. அந்த வாக்கியத்தை எழுதியவர் பெயரும் கீழே இருக்க வேண்டும். யார் பார்த்தார் என்பது தெரிந்தால்தான் பாராட்டுக்கு மதிப்பு. பிள்ளையிடமும் வீட்டிலும் கேட்ட பிறகே படம் வரட்டும். வேண்டாம் என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும். தேர்வு 2, 3 முடிவுகளுக்கும் முதல் தேர்வு முடிவுக்குக் கொடுத்த அதே இடம் கிடைக்கட்டும். 'நூறு விழுக்காடு' என்று சொல்லும் பள்ளி, எட்டாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் தன்னிடமே பத்தாம் வகுப்பு எழுதினார்கள் என்ற கணக்கையும் பக்கத்தில் போடட்டும். இந்த ஒரு விதியைக் கல்வித் துறை கட்டாயமாக்கினாலே ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகளை வெளியே தள்ளும் பழக்கம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

ஊழியர் பாராட்டில் மாணவர்களும் சக ஊழியர்களும் முன்மொழியட்டும். அரசுப் பள்ளிகளில் எஸ்.டி.எம்.சி. என்னும் பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் குழு இருக்கிறது. பெற்றோர் நிறைந்த குழு அது. அதிதி ஆசிரியரையும் சமையல் பணியாளரையும் சேர்த்து ஆண்டுக்கொரு முறை நன்றி சொல்லும் பொறுப்பை அது எடுத்துக்கொள்ளலாம். அந்த நன்றி சம்பளத்துக்கு ஈடாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிலையான பணியும் நேரத்துக்கு ஊதியமும் தராமல் சால்வை மட்டும் போர்த்துவது அவமதிப்பு. சமுதாயச் சங்கங்கள் மதிப்பெண் வரம்பைக் குறைத்து, குடும்பத்தின் முதல் தலைமுறையாகப் பத்தாம் வகுப்பு தேறியவரை முதல் வரிசையில் உட்கார வைக்கலாம். தங்கள் தொடக்க நோக்கத்துக்குத் திரும்பும் வழி அதுவே.

எல்லோரையும் பாராட்டினால் பாராட்டுக்கே மதிப்பிருக்காது என்ற மறுப்பு எழும். அது பொதுப்படையான பாராட்டுக்குப் பொருந்தும். எல்லோருக்கும் ஒரே சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்தால் அதைப் பிள்ளைகள் வீட்டுக்குக்கூடக் கொண்டுபோவதில்லை. ஆனால் குறிப்பிட்ட செயலைப் பற்றிய உண்மையான வாக்கியம் ஒருவருக்கு எழுதியது இன்னொருவருக்குப் பொருந்தாது; ஆகவே எத்தனை எழுதினாலும் மலியாது. அதை எழுத ஆசிரியருக்கு நேரம் வேண்டும், ஒரு வகுப்பில் அறுபது எழுபது பேர் இருக்கக் கூடாது, கணக்கெடுப்பு வேலைகள் குறைய வேண்டும். பாராட்டு முறையைச் சீர்திருத்துவது இவ்வாறு பள்ளியின் அடிப்படை நிலைமைகளைச் சீர்திருத்துவதில் போய் முடிகிறது. அது கடினம் என்பதால்தான் நாம் பலகை அச்சடிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

உயர்நிலைப் பள்ளி என்பது எட்டு, ஒன்பது, பத்து என்ற மூன்று ஆண்டுகள். இந்த மூன்று ஆண்டுகளில் ஒரு முறையாவது, தான் செய்த ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காக, அதைக் கண்ணால் பார்த்த ஒருவர் வாயால், ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் சொல்லப்பட வேண்டும். ஒரு பிள்ளைக்கு அப்படிச் சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை என்று ஒரு பள்ளி சொன்னால், அந்தப் பிள்ளையை மூன்று ஆண்டுகளாக யாருமே பார்க்கவில்லை என்பதே அதன் பொருள். ஒரு பள்ளியை மதிப்பிட முதலிடம் பெற்றவரின் மதிப்பெண்ணைவிட இதுவே சரியான அளவுகோல். அடுத்த ஆண்டு சேர்க்கைக்காகப் பள்ளி வாசலில் நிற்கும் பெற்றோர், பலகையைப் படித்துவிட்டு உள்ளே போய் இதைக் கேட்க வேண்டும்.